ஆய்வு நேர்மையைக் கவனிக்கும் பொறுப்பு உங்களுக்கு வந்தால் எங்கே தொடங்குவது?

துறையில் ஆய்வு நெறிமுறை விஷயங்களை நீங்கள்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களா? அடுத்த நாளே ஒரு பிஎச்டி ஸ்காலர் வந்து "சிமிலாரிட்டி எத்தனை சதவீதத்துக்குள் இருக்கணும்?" என்று கேட்பார், அதாவது ஆய்வேடு (தீசிஸ்) மற்றவர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகலாம் என்று. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறைப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, 10 முதல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும், 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைக் கொடுக்கவே முடியாது, 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. இதைச் சொல்லி அனுப்பிவிடலாம்தான். ஆனால் தீசிஸ் முடிந்த பிறகு எண்ணைப் பார்ப்பது இந்த வேலையின் கடைசிப் பகுதி, முக்கால்வாசி வேலை ஸ்காலர் சேர்ந்த முதல் சில மாதங்களிலேயே நடந்தாக வேண்டும்.

முதலில் எத்திக்ஸ் கமிட்டி, அதாவது ஆய்வுக்கு நெறிமுறை அனுமதி தரும் குழு. மனிதர்களிடம் தகவல் திரட்டும் எந்த ஆய்வுக்கும், அது ரத்த மாதிரியோ வெறும் கேள்வித்தாளோ, களத்துக்குப் போவதற்கு முன்பே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். "டேட்டா எடுத்தாச்சு, ஜர்னல் அப்ரூவல் நம்பர் கேட்குது" என்று வருபவருக்குப் பின்தேதியிட்டு அனுமதி தர எந்தக் கமிட்டிக்கும் உரிமை இல்லை. பாவம் பார்த்து ஒரே ஒருமுறை கொடுத்தாலும் அந்தக் கமிட்டியின் மதிப்பு போய்விடும். உங்கள் கமிட்டியையும் சரிபாருங்கள். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல் கேட்பது 7 முதல் 15 உறுப்பினர்கள், தலைவர் வெளி நிறுவனத்தைச் சேர்ந்தவர், சட்டம் தெரிந்த ஒருவர், ஆய்வுத் துறையோடு சம்பந்தமில்லாத ஒரு பொதுநபர். முதல்வரே தலைவராக உட்கார்ந்திருந்தால் அதை மாற்றியே ஆக வேண்டும்.

ஆய்வில் பங்கேற்பவரிடம் வாங்கும் ஒப்புதல் படிவத்தை நீங்களே ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஆங்கிலப் படிவத்தை அப்படியே தமிழாக்கி, நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு அம்மாவிடம் நீட்டினால் அவருக்கு என்ன புரியும்? எதற்காகக் கேட்கிறோம், எவ்வளவு நேரம் ஆகும், பிடிக்கவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் சிகிச்சையோ சலுகையோ நிற்காது, இவ்வளவும் சாதாரணப் பேச்சில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி முன்னிலையில் படித்துக்காட்டி, கைரேகை வாங்கி, ஒரு பிரதியை அவரிடமே கொடுத்துவிட்டு வர வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஆய்வு என்றால் தலைமையாசிரியர் சரி சொன்னது போதாது, பெற்றோரின் ஒப்புதலும் பிள்ளையின் சம்மதமும் தனித்தனியாக வேண்டும்.

அடுத்தது ஆய்வுக் கட்டுரையில் பெயர் போடும் விவகாரம். வெளியில் அதிகம் பேசாத, ஆனால் உள்ளே அதிகம் புகையும் பிரச்சினை இதுதான். கட்டுரை எழுதத் தொடங்கும்போதே யார் யார் பெயர், எந்த வரிசை என்று கைடும் (ஆய்வு நெறியாளர்) ஸ்காலரும் மின்னஞ்சலில் எழுதிவைத்துக்கொள்ளட்டும், யார் எவ்வளவு வேலை செய்தார் என்பது மாறினால் வரிசையையும் மாற்றி எழுதிக்கொள்ளலாம். துறைத்தலைவர் என்பதாலோ, ஆய்வகத்தைத் திறந்துவிட்டார் என்பதாலோ ஒருவர் கட்டுரையாசிரியர் ஆகிவிட முடியாது. அவருக்கு நன்றியுரையில் இடம் உண்டு. இதை ஸ்காலரால் சொல்ல முடியாது, நீங்கள்தான் துறைக் கூட்டத்தில் சொல்ல வேண்டும்.

மூலத் தரவு விஷயத்திலும் கறாராக இருங்கள். நிரப்பிய கேள்வித்தாள்கள், கருவியிலிருந்து வந்த கோப்புகள், தேதியிட்ட ஆய்வக நோட்டு எல்லாம் துறையிலும் ஒரு பிரதி இருக்க வேண்டும். ஸ்காலரின் முன்னேற்றத்தைப் பார்க்கும் டாக்டரல் கமிட்டி கூடும்போது ஸ்லைடோடு நிற்காமல் மூலக் கோப்பையும் திறந்து காட்டச் சொன்னால், இட்டுக்கட்டும் எண்ணமே பலருக்கு வராது.

இப்போது சிமிலாரிட்டி பார்க்கும் மென்பொருள். தமிழ் தீசிஸ்களில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை மென்பொருள் ஆங்கில எழுத்துக்களின் குவியலாகத்தான் படிக்கும், அதனால் சிமிலாரிட்டி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும், அதற்குச் சான்றிதழும் கிடைத்துவிடும். யூனிகோடு கோப்பு மட்டுமே ஏற்கப்படும் என்று சுற்றறிக்கை விடுங்கள். ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்த்துச் சேர்த்ததும் பெரும்பாலும் சிக்காது, அதைத் துறை தெரிந்த கண்தான் பிடிக்கும். மறுபக்கம், சதவீதம் கூடியதற்காக யாரையும் திருடர் என்றும் சொல்லாதீர்கள். நூற்பட்டியல், முறையாக மேற்கோள் காட்டிய பகுதிகள், சட்டப் பிரிவுகள், நிலையான சமன்பாடுகள் கணக்கில் வராது. ஆனால் முடிவுகளிலும் ஆய்வுச் சுருக்கத்திலும் நகல் இருக்கவே கூடாது, மொத்தம் எட்டு சதவீதம்தான் என்றாலும் அந்த எட்டும் முடிவுரையில் இருந்தால் விடக்கூடாது.

புகார் வந்தால்? முதலில் துறைக் குழு விசாரிக்க 45 நாள், பிறகு நிறுவனக் குழுவுக்கு 45 நாள். புகாருக்கு உள்ளானவருக்கு எழுத்தில் தெரிவித்து, பதில் சொல்ல வாய்ப்புக் கொடுங்கள். குழுவில் இருப்பவர் மீதே புகார் என்றால் அவர் அந்த விசாரணையில் உட்காரக் கூடாது. பட்டம் வாங்கிவிட்டார், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நிரூபணமானால் பட்டத்தை நிறுத்திவைக்க விதி இருக்கிறது. கைடு மீது ஸ்காலரே புகார் கொடுத்திருந்தால், விசாரணை தொடங்கும் நாளிலேயே அந்த ஸ்காலருக்கு வேறு கைடு ஏற்பாடு செய்யச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், ஏனென்றால் ஃபெலோஷிப் படிவத்திலும் வருகைப் பதிவிலும் கையெழுத்துப் போட வேண்டியவர் அதே கைடுதான், விசாரணை முடிவதற்குள் அந்தப் பிள்ளை படிப்பை விட்டுவிட்டுப் போகும் நிலை வந்துவிடக் கூடாது.