தன் சத்தத்தில் தானே செவிடாகும் றிப்பீற்றர்

“றிப்பீற்றர் வடிவாய்க் கேக்குது, ஆனா நான் கூப்பிட்டா எடுக்குதில்லை.” றிப்பீற்றர் என்பது மெல்லிய றேடியோ சிக்னலைக் கேட்டு, அதை அப்போதே பலமாகத் திரும்ப அனுப்பும் நிலையம். அதைப் பற்றி இப்படி ஒரு முறைப்பாடு வந்தால் முறையிட்டவருடைய கைச்செற்றையும் கழற்ற வேண்டாம், கொட்டிலில் இருக்கும் செற்றையும் கழற்ற வேண்டாம். பத்தில் எட்டுத் தடவை பிழை செற்றுக்கு வெளியேதான் இருக்கும்: டியூப்ளெக்சரில் (கேட்கும் அலைவரிசையையும் பேசும் அலைவரிசையையும் பிரித்துவைக்கும் பில்ற்றர்), கேபிளில், அன்ரனா மூட்டில், எர்த்தில்.

காரணம் எளிது. றிப்பீற்றர் ஒரே அன்ரனாவில் ஒரே நேரத்தில் கேட்கவும் பேசவும் வேண்டும். 145.000 மெகாஹேட்ஸில் கேட்டு 145.600இல் பேசுகிறது என்று வைப்போம். இடைவெளி 600 கிலோஹேட்ஸ் மட்டும். பேசுவது 20 வாற், கேட்க வேண்டியதோ 0.25 மைக்ரோவோல்ற். டெசிபலில் சொன்னால் 162 வித்தியாசம். கோயில் திருவிழாவில் லவுட்ஸ்பீக்கர் குழாய்க்குக் கீழே நின்றுகொண்டு, தெருவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் குசுகுசுப்பதைக் கேட்கிற வேலை இது.

மலைநாட்டில் வைத்த றிப்பீற்றருக்கு உயரம் கைகொடுக்கும். கொஞ்சம் செவிடாக இருந்தாலும் யாருக்கும் தெரியாது. வட இலங்கையின் வன்னியில் மலை இல்லை. மாங்குளத்தில் 30 மீற்றர் ரவரில் அன்ரனா வைத்தால், காரில் இருப்பவருக்கு றேடியோ அடிவானம், அதாவது சிக்னல் நேராக எட்டும் எல்லை, ஏறக்குறைய 28 கிலோமீற்றர். கிளிநொச்சி நேர்கோட்டில் 30 கிலோமீற்றருக்குக் கிட்ட. வவுனியாவும் முல்லைத்தீவும் 40ஐத் தாண்டும். அங்கிருந்து வருவதெல்லாம் அடிவானத்துக்கு அப்பால் இருந்து வரும் மெல்லிய சிக்னல். ஆகவே இங்கே ஒவ்வொரு டெசிபலும் கணக்கு.

செற்றும் வயரிங்கும்

பழைய மோட்டோறோலா ஜிஎம்300 இரண்டு கிடைத்தால் போதும். பின்பக்கத்து 16 பின் சொக்கற்றில் வேண்டியதெல்லாம் இருக்கிறது. கேட்கும் செற்றில் 11ஆம் பின் ஓடியோ, 8ஆம் பின் ‘சிக்னல் வந்துவிட்டது’ என்று சொல்லும் கோடு, 7 கிறவுண்ட். பேசும் செற்றில் 5ஆம் பின் ஓடியோ உள்ளே போகும் வழி, 3ஆம் பின் பீ.ரீ.ரீ., அதாவது செற்றைப் பேசவைக்கும் கோடு. 11இலிருந்து 5க்கு நடுவே ஓடியோ அளவைக் கூட்டிக் குறைக்க 10 கிலோ ஓம் பொட் ஒன்றும் 1 மைக்ரோபராட் கப்பாசிற்றர் ஒன்றும் போடுங்கள். 8ஆம் பின்னை நேரே 3க்குக் கொடுத்தாலும் வேலை செய்யும்; ஆனால் நேரவரம்பும் அழைப்புக்குறியும் இல்லாமல் விடக்கூடாது. இடையில் இவை இரண்டையும் பார்த்துக்கொள்ளும் ஒரு கொன்ட்ரோலர் வையுங்கள். நேரவரம்பு 3 நிமிடம், பேச்சு முடிந்த பின் தொங்கும் நேரம் 2 செக்கன். 15ஆம் 16ஆம் பின்களைச் சோர்ட் பண்ணினால்தான் உள் ஸ்பீக்கர் கேட்கும். இதை மறந்துவிட்டு ‘செற் செத்துப்போச்சு’ என்பவர்கள் நிறைய.

கேட்கும் செற்றினுள் ஒரு ஜம்பர், 11ஆம் பின்னில் வரும் ஓடியோ வெட்டித் திருத்தியதா, உள்ளபடியேயா என்று தீர்மானிக்கிறது. 5ஆம் பின்னுக்குப் போவதென்றால் உள்ளபடியே எடுக்க வேண்டும். குரல் தலகாணிக்குள் இருந்து வருவதுபோல அமுங்கினால் ஜம்பர் திருத்திய பக்கம் நிற்கிறது. தகரத்தில் தட்டினதுபோலக் கீச்சிட்டால், உள்ளபடியே எடுத்த ஓடியோவை மைக் பின்னான 2க்குக் கொடுத்திருக்கிறீர்கள். அளவு வைப்பதற்கு 1 கிலோஹேட்ஸ் தொனியை 3 கிலோஹேட்ஸ் விலகலில் (குரலுக்கேற்ப அலைவரிசை ஆடும் அளவு) உள்ளே அனுப்பி, வெளியேயும் அதே 3 வரும்வரை பொட்டைத் திருப்புங்கள். காதால் வைத்தால் எப்போதும் கூடத்தான் வைப்பீர்கள்.

குரலுக்கு அடியில் மெதுவான உறுமல் கேட்டால் அது ரோன் பிரச்சினை. ரோன் என்பது செற்றைத் திறப்பதற்குக் குரலோடு சேர்த்து அனுப்பும் தாழ்ந்த தொனி. உள்ளே வரும் ரோன் ஓடியோவோடு கூடவே போய், பேசும் செற் தானே போடும் ரோனோடு மோதுகிறது. 300 ஹேட்ஸுக்குக் கீழே வெட்டும் பில்ற்றர் ஒன்று போடுங்கள், அல்லது பேசும் செற்றில் ரோனை நிறுத்துங்கள்.

இவை காருக்குச் செய்த செற்றுகள். ஒரு நிமிடம் பேசி நாலு நிமிடம் ஓய்வதுதான் பழக்கம். 45 வாற் செற்றானாலும் 15 முதல் 20க்கு இறக்குங்கள். 45இலிருந்து 20க்கு வந்தால் இழப்பு 3.5 டெசிபல்தான், தகரக் கூரைக் கொட்டிலில் சித்திரை வெயிலுக்கு அது ஃபைனல் ட்ரான்சிஸ்ரரின் உயிர். ஹீற்சிங்கில் 45 பாகையில் மூடும் வெப்பச் சுவிச் ஒன்றை ஒட்டி, 120 மில்லிமீற்றர் மின்விசிறியை அதன் ஊடாக ஓடவிடுங்கள்.

டியூப்ளெக்சர்

இங்கேதான் காசும் பொறுமையும் போக வேண்டும். இணையத்தில் மலிவாக வரும், புத்தகமளவு தட்டையான ஆறு கவிற்றிப் பெட்டி 600 கிலோஹேட்ஸுக்குச் சரிவராது. (கவிற்றி என்பது ஒரு அலைவரிசைக்கு ஒத்திசையும் உலோக அறை.) அது பல மெகாஹேட்ஸ் இடைவெளிக்குச் செய்தது. விற்பவர் ‘ரியூன் பண்ணித் தருவேன்’ என்பார். தருவார், 600இல் வெட்டும் (வேண்டாத அலைவரிசையைத் தடுக்கும் பள்ளம்) வரும், ஆனால் அதோடு உங்கள் சிக்னலிலும் பாதிக்கு மேல் போய்விடும். 145 மெகாஹேட்ஸ் அடங்கிய 2 மீற்றர் பகுதிக்குப் பெரிய குழாய்க் கவிற்றிகள்தான். பக்கத்துக்கு மூன்று, மொத்தம் ஆறு. 435 மெகாஹேட்ஸ் பகுதியில் 5 மெகாஹேட்ஸ் இடைவெளியோடு போகிறீர்கள் என்றால் அந்தத் தட்டைப் பெட்டி தாராளமாகப் போதும்.

டியூப்ளெக்சருக்கு வேலை இரண்டு. 145.600இன் பெரும் சக்தி கேட்கும் செற்றுக்குள் போகாமல் தடுப்பது ஒன்று. பேசும் செற் 145.000இலும் கொஞ்சம் இரைச்சலை உமிழ்கிறது, அதை வெளியே விடாமல் தடுப்பது மற்றது. இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கேட்கும் பக்கத்தில் இன்னொரு கவிற்றி கூட்டியும் செவிட்டுத்தனம் மாறவில்லையா? பிழை பேசும் பக்கத்தில். கேட்கும் அலைவரிசையிலேயே வந்து விழும் இரைச்சலைக் கேட்கும் பக்கத்துப் பில்ற்றர் எதுவும் நிறுத்தாது.

ரியூன் பண்ண, பில்ற்றரை அளக்கும் சிறு கருவியான நானோ வி.என்.ஏ. போதும், ஆனால் அதன் எல்லையை அறிந்து பாவியுங்கள். அது ஏறக்குறைய 70 டெசிபல் ஆழம்வரைதான் பார்க்கும்; முழு டியூப்ளெக்சரின் வெட்டு அதற்கும் கீழே. ஆகவே ஒவ்வொரு கவிற்றியாகக் கழற்றி எடுங்கள். பேசும் பக்கத்துக் கவிற்றியில் முதலில் நீண்ட தடியை நகர்த்தி 145.600இல் இழப்பைக் குறையுங்கள், பிறகு சிறு கப்பாசிற்றரைத் திருப்பி 145.000இல் வெட்டை ஆழமாக்குங்கள். ஒன்று மற்றதை இழுக்கும். இரண்டு மூன்று தடவை மாறி மாறிச் செய்யுங்கள். பூட்டு நட்டை இறுக்கும்போதும் கொஞ்சம் நகரும், அதையும் பார்த்தே இறுக்குங்கள். கேட்கும் பக்கத்து மூன்றும் இதற்கு எதிர்மாறு. எல்லாம் பூட்டிய பின் ஒரு பக்க இழப்பு 1.5 டெசிபலுக்குக் கிட்ட வந்தால் நல்லது, 3 காட்டினால் எங்கோ ஒரு மூட்டுக் கெட்டுவிட்டது.

கவிற்றிகளுக்கு இடையிலான துண்டுக் கேபிள்களின் நீளம் தற்செயலானதல்ல. ஆர்ஜி-214 வகைக் கேபிளில் காலலை நீளம் 34 சென்ரிமீற்றர், ஆனால் அதில் கனெக்டரும் உள்ளே இருக்கும் வளையமும் சேர்ந்துவிடும். பழுதானால் கணக்குப் போட்டு வெட்ட வேண்டாம். பழையதை அளந்து அதே வகைக் கேபிளில் அதே அளவு செய்யுங்கள்.

இன்னொரு விசயம், வன்னிக்கென்றே சொல்ல வேண்டியது. இரவில் நன்றாக எடுத்து மத்தியானம் செவிடாகும் றிப்பீற்றர் உண்டு. உள்தடி வெறும் செம்பாக இருந்தால் 25 பாகை சூட்டுக்கு அலைவரிசை ஏறக்குறைய 60 கிலோஹேட்ஸ் கீழே இறங்கும். அந்த இறக்கத்தோடு வெட்டின் ஆழமும் போய்விடும். நல்ல கவிற்றிகளில் சூட்டுக்கு நீளாத இன்வார் உலோகத் தடி இருக்கும், அது அசையாது. வீட்டில் செய்த கவிற்றி என்றால் ஏசி அறையில் அல்ல, அந்தக் கொட்டிலிலேயே ரியூன் பண்ணுங்கள். கூரைக்குக் கீழே கிடுகோ பலகையோ அடித்துவிடுங்கள்.

செவிட்டைப் பிடிக்கும் சோதனை

அன்ரனாவைக் கழற்றி, அந்த இடத்தில் அன்ரனாவுக்குப் பதிலாகச் சக்தியைத் தின்னும் 50 ஓம் டம்மி லோட் பூட்டுங்கள். சிக்னல் ஜெனரேற்றரை சிக்னலைச் சிறிதளவே கடத்தும் ஒரு சாம்ப்ளர் ரீ வழியாக டியூப்ளெக்சரின் அன்ரனா வாயில் மெல்லச் செலுத்துங்கள். பேசும் செற் இப்போதைக்குப் பேசாமல் இருக்கட்டும். குரலோடு இரைச்சலும் சரிபாதியாகக் கேட்கும் அளவுக்குச் சிக்னலைக் குறையுங்கள். இப்போது பீ.ரீ.ரீ.யைக் கையால் அமத்திப் பேசும் செற்றைப் பேசவிடுங்கள். இரைச்சல் கூடவில்லை என்றால் செற்றும் டியூப்ளெக்சரும் சுகம். கூடினால், பழைய நிலைக்குக் கொண்டுவர ஜெனரேற்றரை எத்தனை டெசிபல் ஏற்றவேண்டியிருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். அதுதான் செவிட்டின் அளவு. 1க்குள் என்றால் விட்டுவிடலாம்.

பிறகு டம்மி லோட்டை எடுத்துவிட்டு அன்ரனாவோடு அதையே செய்யுங்கள். லோட்டில் சுகமாக இருந்தது அன்ரனாவில் கெட்டால், பிழை கேபிளுக்கு மேலே. இந்த ஒரு படி ஒரு நாள் வேலையை மிச்சம் பிடிக்கும்.

லோட்டிலேயே கெட்டால் துண்டுக் கேபிள்களை ஒவ்வொன்றாக விரலால் அசையுங்கள். வலை மட்டும் பின்னிய மலிவுக் கேபிளும், பிஎல்-259 கனெக்டரிலிருந்து ‘N’ வகைக்கு மாற்றும் அடப்றர்களும் இங்கே எதிரிகள். கொட்டிலுக்குள் முழுவதும் ஆர்ஜி-214 அல்லது ஆர்ஜி-142, ‘N’ கனெக்டர். வெளியே ரவரில் ஏறுவது அரை அங்குல ஹீலியாக்ஸ், அதாவது முழுச் செம்பு உறை போட்ட கேபிள். படலமும் வலையும் சேர்ந்த எல்எம்ஆர்-400 வகை, ஒற்றைச் செற்றுக்கு அருமையான கேபிள். இரு திசையும் ஒரே நேரம் ஓடும் இடத்தில் அலுமினியமும் செம்பும் உரசிச் சரசரக்கும்.

காற்றும் மழையும் மின்னலும்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் மட்டும் படபடவென்று வெட்டி வெட்டிக் கேட்டால் ரவரில் ஏறிப் பாருங்கள். கறள் பிடித்த யூ போல்ற், ரவரை இழுத்துக் கட்டிய தளர்ந்த வயர், பழைய ரிவி அன்ரனாவின் துண்டு, எல்லாம் 20 வாற்றில் சின்னச் சின்ன டயோட்டாக வேலை செய்து இரைச்சலை உண்டாக்கும். தேவையில்லாத இரும்பை இறக்குங்கள். மற்றதைக் கம்பித் தூரிகையால் தேய்த்து இறுக்குங்கள். முல்லைத்தீவுக் கரையோரமானால் உப்புக்காற்றுக்கு ஸ்ரெயின்லெஸ் ஆணி மட்டும்.

மாரி முடிந்த பின் தூரம் குறைந்துவிட்டது, எஸ்.டபிள்யூ.ஆர். (அன்ரனாவிலிருந்து திரும்பி வரும் சக்தியைக் காட்டும் அளவு) மட்டும் முன்பைவிட நன்றாக இருக்கிறது என்றால் சந்தோசப்பட வேண்டாம். கேபிளுக்குள் தண்ணீர் போய், திரும்பி வரவேண்டிய சக்தியையும் தின்றுவிடுகிறது. மேல்முனையைக் கழற்றித் திறந்தபடி விட்டு, கீழே திரும்பும் இழப்பை, அதாவது சிக்னல் மேலே போய்த் திரும்பி வருவதற்குள் எவ்வளவு குறைகிறது என்பதை, பாருங்கள். 30 மீற்றர் அரை அங்குல ஹீலியாக்ஸில் அது 1.7 டெசிபலுக்குக் கிட்ட வரவேண்டும். 5 காட்டினால் கேபிளை மாற்றுங்கள். காய வைத்துத் திரும்பப் பாவிப்பது இரண்டு மாதத்துக் கதை. கனெக்டருக்கு முதலில் தன்னோடு தானே ஒட்டும் றப்பர் ரேப், அதன் மேல் கறுப்பு ரேப். கடைசிச் சுற்றைக் கீழிருந்து மேலே சுற்றுங்கள், ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று விழும்.

பங்குனி சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி. கேபிள் கொட்டிலுக்குள் நுழையும் இடத்தில் ஒரு செம்புத் தகடு. மின்னலை மண்ணுக்குத் திருப்பும் வாயுக்குழாய் அரெஸ்ரர், கரண்ட் எர்த், செற்றின் உடம்பு எல்லாம் அந்தத் தகட்டிலேயே சேர வேண்டும், அங்கிருந்து ஒரே வழியாக மண்ணுக்கு. 25 வாற்றின் உச்ச வோல்ற்றளவு 50தான், ஆனாலும் 90 வோல்ற் குழாயைவிட 230 வோல்ற் குழாய் நிம்மதி. கிறவல் மண்ணில் ஒரு எர்த் கம்பி போதாது. 8 அடிக் கம்பி மூன்றை 16 அடி இடைவெளியில் அறைந்து, ரவர் காலோடும் சேர்த்துக் கட்டுங்கள்.

கரண்ட்

கேட்டுக்கொண்டிருக்க 0.8 அம்பியர், பேச 6 என்றால், நாளுக்கு 3 மணித்தியாலம் பேசும் றிப்பீற்றருக்கு ஏறக்குறைய 35 அம்பியர் மணி. ஈயப் பற்றறியைப் பாதிக்குக் கீழே இறக்கக்கூடாது. ஆகவே 100 அம்பியர் மணியும் 150 வாற் சோலரும் குறைந்தபட்சம். மாரி மூட்டத்தைத் தாங்க வேண்டுமென்றால் பனலை இரட்டியுங்கள்.

றிலே டக்கு டக்கென்று அடித்து, பேசும் செற் எழும்பி எழும்பி விழுந்தால் பற்றறி வயரைப் பாருங்கள். 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 10 மீற்றர் போய்வர, 6 அம்பியருக்கு 0.9 வோல்ற் விழுகிறது. செற் பேசத் தொடங்குகிறது, வோல்ற்றளவு விழுகிறது, செற் நிற்கிறது, வோல்ற்றளவு ஏறுகிறது, திரும்பவும் அதே. தடித்த வயரை, செற்றுக்கொரு சோடியாக, பற்றறி முனையிலிருந்தே கொண்டுபோங்கள்.

பகலில் மட்டும் செவிடு, வெப்பத்தாலும் அல்ல என்றால் பனலை ஒரு சாக்கால் மூடிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி சார்ஜ் கொன்ட்ரோலர். இரண்டு பக்க வயரையும் பெரைற் வளையத்தில் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றுங்கள், அதற்கும் அடங்காவிட்டால் கொன்ட்ரோலரை மாற்றுங்கள்.

யாரும் கூப்பிடாமல் விடியப்புறம் றிப்பீற்றர் தானே எழும்பினால் பழுது தேட வேண்டாம். பாக்கு நீரிணைக்கு மேலே சூடும் குளிரும் அடுக்காக நிற்கும் நாட்களில் தமிழ்நாட்டு நிலையங்கள் பக்கத்து ஊர்போல வந்து விழும். அவர்களும் அதே 144–146இல், அதே 600 இடைவெளியில்தான். கேட்கும் செற்றில் ரோன் வைத்தால் சரி. அலைவரிசையை மாற்றித் தப்ப நினைத்தால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி முதலில் வேண்டும். அனுமதிப்பத்திரத்தின் பிரதியைக் கொட்டில் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள், ரவரும் வயரும் கண்டால் விசாரிக்க ஆள் வரும்.

பெட்டியின் காற்றுத் துவாரத்துக்கு நுளம்பு வலை அடியுங்கள். பல்லி இரண்டு முனைக்கும் நடுவே படுத்தால் பியூஸ் போகும், எறும்பு றிலேக்குள் புகுந்தால் தொடுமுனை மூடாது. ரவரில் ஏறுவதற்கு முதல் அன்ரனாக் குழாயின் வாயைக் கீழிருந்தே பாருங்கள். குளவி கட்டியிருக்கும்.