வருங்காலப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கல்லூரி இயற்கணிதம்: கற்பிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி இயற்கணித வகுப்பில் பொறியியல் மாணவரும் வருங்காலப் பள்ளி ஆசிரியரும் ஒரே பலகையைப் பார்த்து அமர்ந்திருந்தாலும், அந்தப் பாடத்தைக் கொண்டு இருவரும் செய்யப்போகும் வேலை வேறு. முன்னவருக்குப் பெரும்பாலும் விடை சரியாக வந்தால் போதும். பின்னவரோ, ஒரு சிறுவனோ சிறுமியோ எழுதிய விடை ஏன் சரி, எந்த வரியில் பிழை, பிழையான வழியில் சரியான விடை எப்படி வந்தது என்றெல்லாம் வகுப்பில் நின்றபடியே சொல்ல வேண்டியவர். இதைக் கருதாமல் இருவருக்கும் ஒரே பாடத்தை ஒரே விதமாக நடத்துவதுதான் அடிப்படைத் தவறு. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்து கிளைப்பவை.

இது புதிய கவலை அன்று. பல்கலைக்கழகத்தில் நுழையும் மாணவர் பள்ளிக் கணிதத்தோடு தொடர்பற்ற ஒன்றைக் கற்கிறார், பிறகு ஆசிரியராகப் பள்ளிக்குத் திரும்பியதும் கற்றதை மறந்து பழைய வழியிலேயே கற்பிக்கிறார் என்று ஜெர்மானியக் கணிதவியலர் ஃபெலிக்ஸ் கிளைன் 1908-இலேயே சுட்டிக்காட்டினார். இந்த முறிவைச் சரிசெய்ய முயல்வோர் பலர் இரண்டில் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகின்றனர்: பள்ளிப் பாடத்தையே கடினமான எண்களோடு மறுபடி நடத்துவது அல்லது வளையம், குலம் (கூட்டல், பெருக்கல் போன்ற செயல்களின் விதிகளைப் பொதுமைப்படுத்தும் அமைப்புகள்) என்று வரையறைகளை அடுக்கிவிட்டுப் பள்ளிப் பாடத்தின் பக்கம் திரும்பாமலே பருவத்தை முடிப்பது. முதலாவதில் நேரம் வீணாகும். இரண்டாவதோ, கற்றவருக்கும் கற்பித்தவருக்கும் ஆழமாக ஏதோ நடந்துவிட்டது என்ற மயக்கத்தைத் தருவதால், அதைவிட மோசமானது என்பேன்.

உயர்நிலைக் கருத்து பள்ளிப் பாடத்துக்குள் எப்படி இறங்கி வர வேண்டும் என்பதற்கு இருபடிச் சமன்பாடு நல்ல எடுத்துக்காட்டு. (க − 2)(க − 3) = 0 என்றால் க = 2 அல்லது 3 என்று எல்லோரும் எழுதுகின்றனர். அடுத்து (க − 2)(க − 3) = 2 என்று கொடுத்தால், அதே பழக்கத்தில் ஒரு மாணவர் க − 2 = 2 அல்லது க − 3 = 2 என்று எழுதி, 4, 5 என்ற விடைகளுக்கு வருவார். உண்மையான தீர்வுகள் 1, 4. ஆக, தவறான வழியில் ஒரு சரியான விடை கிடைத்திருக்கிறது, ஒரு பொய்யான விடை சேர்ந்திருக்கிறது, ஒரு மெய்யான விடை விடுபட்டிருக்கிறது. "இப்படிச் செய்யக் கூடாது" என்று சொல்லி நகர்வது எளிது. ஆனால் பூச்சியத்துக்குச் செல்லும் வழி 2-க்கு ஏன் செல்லாது என்று கேட்டால்தான் விதியின் உயிர்நிலை தெரியும்: இரு மெய்யெண்களின் பெருக்கம் பூச்சியமானால் அவற்றுள் ஒன்றாவது பூச்சியமாக வேண்டும், பெருக்கம் 2 ஆவதற்கோ முடிவற்ற இணைகள் உண்டு. இவ்விடத்தில் மட்டு 6 எண்கணிதத்தை, அதாவது ஒவ்வோர் எண்ணையும் 6-ஆல் வகுத்தால் வரும் மீதியை மட்டும் கொள்ளும் கணக்கை, கொண்டுவரலாம். அங்கே 2, 3 இரண்டும் பூச்சியமல்ல, ஆனால் அவற்றின் பெருக்கம் பூச்சியம்; எனவே க² − 5க + 6 = 0 என்ற அதே சமன்பாட்டுக்கு அங்கே 0, 2, 3, 5 என நான்கு தீர்வுகள் உள்ளன. இதைத் தம் கையால் சரிபார்த்த ஒருவர், காரணிப்படுத்தித் தீர்க்கும் முறை எந்தப் பண்பின்மேல் நிற்கிறது என்பதை எளிதில் மறக்கமாட்டார். வளையம் என்ற வரையறையை அதற்குப் பிறகு அறிமுகப்படுத்தினால் போதும்.

எழுத்துகளைப் பொருள்களின் சுருக்கமாகக் காட்டுவது மற்றொரு தவறு. 3அ என்பதை மூன்று ஆப்பிள் என்று விளக்கினால் அந்த வேளைக்குப் பாடம் இனிதாக நகரும். அ என்பது ஆப்பிள் அன்று, ஓர் எண் என்ற கருத்து மட்டும் தொலைந்துபோகும். இதன் விளைவு பெரியவர்களிடமும் தெரிகிறது. ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல ஆறு மடங்கு மாணவர்கள் இருப்பதைச் சமன்பாடாக எழுதச் சொன்னபோது, முதலாண்டுப் பொறியியல் மாணவர்களுள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தவறியதாக 1981-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மாணவர் எண்ணிக்கை ம, பேராசிரியர் எண்ணிக்கை ப என்றால் சரியானது ம = 6ப. தவறியவர்களில் பலர் 6ம = ப என்று எழுதினர்; ம என்பதை எண்ணிக்கையாகக் கொள்ளாமல் 'மாணவர்' என்ற பெயராகக் கொண்டு, சொற்களின் வரிசையைப் பின்பற்றினால் அப்படித்தான் வரும். வருங்கால ஆசிரியர்களிடம் இந்தக் கணக்கைக் கொடுத்துவிட்டு உடனே திருத்தாமல், இரு விடைகளையும் பலகையில் எழுதி, ப = 10 என்று இட்டுப் பார்க்கும்படி அவர்களையே விடுவது நல்லது.

பயன்பாடுகளைப் பொறுத்தவரை, பாடத்தின் முடிவில் ஒட்டவைக்கும் கதைக் கணக்குகளாகவே அவற்றை நடத்துவது பரவலான வழக்கம். சூத்திரத்தைத் தந்து எண்ணை இடச் சொன்னால் பயன்பாட்டின் முக்கியப் பகுதி, அதாவது எந்த வகைச் சார்பு பொருந்தும் என்று முடிவு செய்வது, மாணவர் கையை விட்டுப் போய்விடுகிறது. 10 டிகிரி செல்சியஸ் 50 டிகிரி ஃபாரன்ஹீட், 20 டிகிரி செல்சியஸ் 68 டிகிரி ஃபாரன்ஹீட். ஒன்று இரட்டித்தால் மற்றதும் இரட்டிக்கவில்லை, ஆயினும் வரைபடம் நேர்கோடு. வாகனத்தின் வேகம் இரட்டித்தால், பிரேக் பிடித்தபின் அது ஓடும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. நேர்விகிதம், நேரியல் சார்பு, இருபடிச் சார்பு ஆகிய மூன்றையும் இப்படி அருகருகே வைத்து ஒப்பிடச் செய்யாதவரை, எல்லா உறவையும் நேர்விகிதமாகவே எண்ணும் பழக்கம் போகாது.

எதிர்மறைத் தீர்வைக் காரணமின்றித் தள்ளிவிடப் பழக்குவதும் இதோடு சேர்ந்தது. ஒன்பதாம் நூற்றாண்டுக் கணிதவியலர் அல்-குவாரிஸ்மி க² + 10க = 39 என்பதைச் சதுரமும் செவ்வகங்களும் கொண்டு வர்க்கப்பூர்த்தி செய்து 3 என்ற விடையைப் பெற்றார்; −13 அங்கே இடம்பெறாததற்குக் காரணம், க ஒரு பக்கத்தின் நீளம் என்பதே. அதே சமன்பாடு ஒரு வெப்பநிலையைக் குறித்திருந்தால் −13-ஐத் தள்ளுவதற்கு நியாயம் இல்லை.

தேர்வுத்தாள் மாறாவிட்டால் இவை எதுவும் வகுப்பில் நிலைக்காது, ஏனெனில் மதிப்பெண் எதற்கோ மாணவர் உழைப்பும் அதற்கே. "தீர்க்க" என்று தொடங்கும் வினாக்களில் பாதியையாவது குறைத்துவிட்டு, (அ + ஆ)² = அ² + ஆ² என்று எழுதிய ஒரு கற்பனை விடைத்தாளைக் கொடுத்து, இந்தச் சமன்பாடு எந்த மதிப்புகளுக்கு மட்டும் உண்மையாகும், எழுதியவர் எந்த விதியை எல்லை மீறிப் பயன்படுத்தியிருக்கக்கூடும், அவரிடம் அடுத்து என்ன கேள்வி கேட்பீர்கள் என்று வினவலாம். அப்படி ஒரு தாளைத் திருத்தக் கூடுதல் நேரமாகும் என்பது உண்மைதான். அந்த நேரத்தைப் பாடத்திட்டத்திலிருந்து ஓர் அலகைக் குறைத்தாவது ஒதுக்க வேண்டும்.