வைகை வற்றும்போது விலாங்கைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரைபடத்தில் நீலக்கோடு கடல்வரை போகிறது என்பதற்காக வைகையும் போகும் என்று நம்புவதுதான் முதல் தவறு. வருசநாட்டு மலையில் புறப்பட்டு 258 கிலோமீட்டர் வரும் ஆறு, ராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்கிவிடுகிறது. கண்மாய் நிறைந்து கலுங்கு (மிகைநீர் வழியும் வாய்) பாய்ந்தால்தான் மிச்சத் தண்ணீர் ஆற்றங்கரை என்ற ஊர்ப் பக்கம் வடகடலை, அதாவது பாக் விரிகுடாவைத் தொடும். ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்தால் அதுவும் இல்லை. மாசி, பங்குனியில் கீழ்வைகையில் இருப்பது ஆறே அல்ல. அங்கொன்றும் இங்கொன்றுமாய் மடுக்கள், நடுவில் மணலும் சீமைக்கருவேலமும். எந்த மடு எவ்வளவு ஆழம், எப்போது வற்றுகிறது, முகத்துவாரத்து மணல்திட்டு எப்போது மூடியது என்ற குறிப்பு இல்லாமல் மீனைப் பற்றி எழுதுவது வீண்.

விலாங்கை எடுத்துக்கொள்வோம். கடலில் பிறந்து, கண்ணாடிபோல் உடம்பு தெரிகிற குஞ்சாகக் கழிமுகம் வழியே ஏறி, நன்னீரில் வருடக்கணக்கில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கே திரும்பும் மீன். இந்திய ஆறுகளில் பரவலாக அறியப்பட்ட இரண்டு விலாங்கு இனங்களும் ஐ.யு.சி.என். (உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) சிவப்புப் பட்டியலில் அச்சுறுத்தலை நெருங்கிய நிலையில் உள்ளன. நடமாட்டமெல்லாம் இரவில்தான்; பகலில் சேற்றிலும் வேர் இடுக்கிலும் பதுங்கிவிடும். தோல் வழியாகவும் மூச்சு விடுவதால் ஈரப்புல்லில் ஊர்ந்து பக்கத்துக் குட்டைக்குப் போகவும் அதற்குத் தெரியும். இப்படிப்பட்டதைக் காலை பதினொரு மணிக்கு வீச்சுவலை போட்டுப் பார்த்துவிட்டு ‘விலாங்கு இல்லை’ என்று எழுதினால் எப்படி? ‘பிடிபடவில்லை’ என்று எழுதுங்கள். கூடவே என்ன வலை, கண்ணி அளவு எவ்வளவு, எத்தனை வீச்சு, எத்தனை மணி என்பதும் வேண்டும்.

தண்ணீரில் ஆக்சிஜனை அளப்பதிலும் நேரம்தான் பிரச்சினை. பகலெல்லாம் பாசி ஆக்சிஜனை வெளியிடும். இரவில் பாசியும் மீனும் சேர்ந்து அதைத் தீர்க்கும். விடியுமுன்தான் மிகக் குறைவாக இருக்கும். பத்து மணிக்கு அளந்து ‘நல்ல மடு’ என்று குறித்த இடத்தில், அன்று அதிகாலை மீன்கள் வாயைப் பிளந்து மேலே மிதந்திருக்கலாம். அரைத்தூக்கத்தில் எழுந்து போவது கடினம்தான், ஆனால் வேறு வழியில்லை.

உப்பும் இப்படித்தான் ஏமாற்றும். கழிமுகத்தில் உப்புத்தண்ணீர் கனம் என்பதால் அடியில் தங்கும், நல்ல தண்ணீர் மேலே மிதக்கும். மேலாகப் பாட்டிலில் மொண்டு அளந்தால் பாதி உண்மைகூடக் கிடைக்காது. கயிற்றில் அரை மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் எடையும் உணர்கருவியும் கட்டி, முடிச்சுக்கு முடிச்சு நிறுத்தி அது காட்டும் அளவைக் குறியுங்கள். மணல்திட்டு மூடிக்கொண்டு வெயில் காய்ந்தால், உள்ளே கிடக்கும் தண்ணீர் கடலைவிட உப்பாகவும் ஆகிவிடும்.

அப்புறம், மீன் எங்கே போகிறது என்று பின்தொடர அதன் உடலில் வைக்கும் குறிகள். ரேடியோ அலை உப்புத்தண்ணீரில் எடுபடாது. கழிமுகத்துக்கு ஒலி அனுப்பும் குறிதான் சரி. அதிலும் கச்சான் காற்றடித்து அலை எழும்பினால் ஒலி எட்டும் தூரம் குறையும். ஒரு குறியைக் கம்பில் கட்டி நிறுத்தி, எவ்வளவு தூரம் கேட்கிறது என்று வெவ்வேறு நாட்களில் சோதிக்காமல் மீனில் வைக்காதீர்கள். குறியின் எடை மீன் எடையில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. உச்சிவெயிலில், சுடுதண்ணீராகக் கிடக்கும் மடுவில் மீனைப் பிடித்துக் குறி வைப்பது அதைக் கொல்லும் வேலை.

வாரக்கணக்கில் ஒரே இடத்தில் கேட்கும் குறியை ‘மீன் இங்கேயே தங்கிவிட்டது’ என்று படிப்பவர்கள் உண்டு. மீன் செத்திருக்கலாம், குறி கழன்று விழுந்திருக்கலாம். மீனின் உடலுக்குள் வைக்கும் சிறு சில்லுகள் மேல்நாடுகளில் பறவைக் கூடுகளுக்கு அடியில் கிடைத்திருக்கின்றன. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் என்று பறவைச் சரணாலயங்கள் இருக்கிற மாவட்டம் இது. ஒரே இரவில் வறண்ட மணலைத் தாண்டி ‘நீந்திய’ குறி நாரையின் வயிற்றில் போயிருக்கும்.

வலைக்காரரிடம் படத்தைக் காட்டி “இந்த மீன் இங்கே உண்டா அண்ணே?” என்று கேட்டால், வந்தவர் மனம் கோணக்கூடாதென்று “உண்டு தம்பி” என்றே சொல்லிவிடுவார். “கடைசியா எந்த வருசம், எந்த மடுவில, எதுல பிடிச்சீங்க?” என்று கேளுங்கள்.

விலாங்கு கிடைத்த மடுவின் இருப்பிடத்தை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அடுத்த நாளே மோட்டார் வைத்து இறைத்துவிடுவார்கள். கண்மாயில் தண்ணீர் குறைந்ததும் ஊத்தா, கச்சா போன்ற மீன்பிடிக் கருவிகளோடு ஊரே இறங்கும் மீன்பிடித் திருவிழா வேறு இருக்கிறது. அதைப் பகைத்துக்கொள்ளத் தேவையில்லை. சேற்றில் ஒளிந்திருந்ததெல்லாம் கரைக்கு வரும் நாள் அது. விலாங்கைக் கண்ணால் பார்த்து அளக்கலாம். நீங்கள் குறியிட்ட மீனும் யாரோ ஒருவர் பையில் போகும் என்பதால், குறி கிடைத்தால் யாரிடம் கொடுப்பது என்று ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வாரம் முன்பே சொல்லி வையுங்கள்.