சிறுமிகள் சாஃப்ட்பாலில் லைவ் பேட்டிங்: பிட்ச்சருக்கும் சேர்த்து நடத்துவது எப்படி

டீயில் (பந்தை நிறுத்தி வைக்கும் கம்பம்) பந்தை வைத்து அடிக்கச் சொன்னால் வேலியைத் தாண்டி அடிக்கிற பிள்ளை, சனிக்கிழமை மேட்ச்சில் மூன்று பந்தையும் வேடிக்கை பார்த்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வருவாள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் மைதானத்தில் பல சீசனாக இதைப் பார்க்கிறேன். பெற்றோர் உடனே மட்டையைக் குறை சொல்வார்கள், புதுசு வாங்கட்டுமா அங்கிள் என்று கேட்பார்கள். மட்டை நன்றாகத்தான் இருக்கிறது. அவள் இதுவரை அடித்ததெல்லாம் நின்ற பந்து, அல்லது நான் பக்கத்தில் உட்கார்ந்து தூக்கிப்போட்ட பந்து. கையைச் சுழற்றி, அவளை அவுட்டாக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு இன்னொரு பெண், அதாவது பிட்ச்சர், வீசுகிற பந்து வேறு சமாச்சாரம்.

ஒரு சின்னக் கணக்கு. அமெரிக்க விதிப்படி 12 வயதுக்குட்பட்டோருக்குப் பிட்ச்சிங் தூரம் (பிட்ச்சர் நிற்கும் இடத்திலிருந்து, பேட்டர் பக்கத்தில் நின்று அடிக்கும் பிளேட் வரை) 40 அடி, 10 வயதுக்குட்பட்டோருக்கு 35, 14க்குப் போனால் 43 (உங்கள் லீக் எந்த அளவில் ஆடுகிறது என்று கேட்டு, டேப் பிடித்து அளந்து கோடு போடுங்கள், காலடி வைத்து அளக்காதீர்கள்). 40 அடி என்றால் 12 மீட்டர் சொச்சம். பிட்ச்சர் ஓரெட்டு முன்னால் பாய்ந்து வந்துதான் பந்தை விடுகிறாள், அதில் ஒன்றரை மீட்டர் போச்சு. மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் பந்து பிளேட்டை அடைய அரை நொடிக்குக் கொஞ்சம் மேல். அதற்குள் பார்த்து, முடிவு செய்து, மட்டையையும் சுழற்றியாக வேண்டும். இதை டீயில் பழக முடியாது.

சரி, அதனால் லைவ் பேட்டிங் வைக்கிறோம், அதாவது பிட்ச்சர் நிஜமாக வீச, பேட்டர் அடித்துப் பழகுவது. இங்கேதான் பெரும்பாலான கோச்சுகள் தப்பு பண்ணுகிறார்கள், நானும் பண்ணினேன். இருப்பதிலேயே நன்றாக வீசுகிற பெண்ணை நடுவில் நிறுத்தி, பன்னிரண்டு பேரும் வரிசையாக வந்து ஆளுக்குப் பத்து பந்து அடிப்பார்கள். "ஸ்ட்ரைக் போடு, ஸ்ட்ரைக் போடு" (பேட்டர் அடிக்க வேண்டிய எல்லைக்குள் பந்து வந்தால் ஸ்ட்ரைக், மூன்று ஆனால் அவுட்) என்று கத்திக்கொண்டே இருப்போம். அவளும் யாரும் அடிக்கிற மாதிரி மெதுவாக, நடுவிலேயே போட்டுக்கொண்டிருப்பாள். ஒரு நாள் எங்கள் பிட்ச்சர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அங்கிள், நான் என்ன மிஷினா?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. பேட்டருக்கு அன்றைக்கு நிஜமான பந்தே வரவில்லை, பிட்ச்சருக்கோ கை வலி மட்டும் மிச்சம். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் மாற்றினேன்.

முதலில் பாதுகாப்பு, இதில் நான் கறார். சாஃப்ட்பால் என்று பேர்தானே ஒழிய அந்தப் பந்தில் மென்மை ஒன்றும் கிடையாது. 12 அங்குலச் சுற்றளவுள்ள பந்து சுமார் 180 கிராம் இருக்கும், கிரிக்கெட் பந்தைவிடக் கனம். பேட்டருக்கு இரண்டு காதையும் மூடுகிற ஹெல்மெட், முன்னால் முகக்கம்பியோடு. தம்பியின் கிரிக்கெட் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கிற கேட்சருக்கு முழு கிட். பிட்ச்சருக்கும் உள்வட்டத்தில் நிற்பவர்களுக்கும் முகக்கவசம். பிட்ச்சருக்கு முன்னால் வலை வைக்கலாமே என்பார்கள். பேஸ்பாலுக்கு விற்கிற எல் வடிவ வலை மேல் பக்கம் திறந்திருக்கும். நம் பிள்ளைகள் பந்தை விடுவது இடுப்புப் பக்கத்தில், வலையின் கீழ்ப்பாதியில் போய் இடிக்கும். அதோடு வலை முன்னால் இருந்தால் முழு எட்டு எடுத்து வைக்கமாட்டாள், வீசும் முறையே கெட்டுவிடும். பெரியவர்கள் தூக்கிப்போடும்போது வலை கட்டாயம். பிள்ளைகள் முழுசாக வீசும்போது நான் முகக்கவசத்தோடு, பந்தை விட்ட மறு நொடியே கையுறையைத் தூக்கித் தயாராக நிற்கப் பழக்குகிறேன்.

இன்னொன்று, மைதானத்தில் ஒரு நேரத்தில் ஒரு மட்டைதான் கையில் இருக்க வேண்டும். அடுத்து ஆடப்போகிறவள் வேலிக்கு அந்தப் பக்கம், மட்டை தரையில். என் கவனக்குறைவால் ஒரு பெண்ணின் புருவத்தில் மட்டை நுனி பட்டு மூன்று தையல் போட்டோம், அவள் ஆயா இன்னும் என்னைக் கோயிலில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

லைவ் பேட்டிங்கைப் பயிற்சியின் கடைசியில் வைக்காதீர்கள். ஓடி, பந்து பொறுக்கி, களைத்துப்போன கையால் வீசினால் பிட்ச்சர் தப்பான முறையில்தான் வீசுவாள். கால் மணி நேரம் உடம்பைச் சூடாக்கி, பிட்ச்சர் தன் கேட்சரோடு தனியாக வீசிப் பார்த்த உடனே ஆரம்பியுங்கள். கீழ்க்கையால் வீசினால் தோளுக்கு ஒன்றும் ஆகாது, எவ்வளவு வேண்டுமானாலும் வீசலாம் என்று ஒரு பேச்சு உண்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுகிகோ உவேனோ இரண்டே நாளில் 413 பந்து வீசித் தங்கம் வாங்கிக்கொடுத்ததைச் சொல்வார்கள். அவர் உவேனோ, வளர்ந்த ஆட்டக்காரர், அது ஒலிம்பிக். பதினோரு வயதுப் பெண்ணுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது, சுழற்றி வீசும்போதும் தோளுக்கு நல்ல பாரம் விழுகிறது. நான் வைத்திருக்கிற வரம்பு, சூடாக்க வீசுவது போக, ஒருவருக்கு 45.

அதற்குள் எப்படி முடிப்பது? பன்னிரண்டு பேர், மூன்று பிட்ச்சர் என்று வைத்துக்கொள்வோம். முதல் சுற்றில் பேட்டர் மட்டையை வீசவே கூடாது. தோளில் மட்டையோடு நின்று, பந்து பிளேட்டைத் தாண்டும்போது "பால்" (எல்லைக்கு வெளியே போன பந்து, நாலு ஆனால் பேட்டர் முதல் பேஸுக்குப் போகலாம்) அல்லது "ஸ்ட்ரைக்" என்று கத்த வேண்டும், அவ்வளவுதான். (பால் என்றதும் என் அம்மா பசும்பாலா எருமைப்பாலா என்பார். பழகிவிடும்.) ஆளுக்கு மூன்று பந்து, மொத்தம் 36. பிள்ளைகள் இந்தச் சுற்றை வெறுப்பார்கள், விடாதீர்கள். கண் பழகுவது இங்கேதான், பிட்ச்சருக்கும் பதற்றமில்லாமல் ஆளை எதிரே வைத்து வீசிப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பில்லை. அப்புறம் ஆளுக்கு இரண்டு நிஜமான ஆட்டம், அதாவது முடிவு வரும் வரை மட்டையோடு நின்று ஆடுவது. ஒவ்வொன்றுக்கும் சராசரி நாலு பந்து என்றால் 96. ஆக 132, மூவருக்குப் பிரித்தால் 44. இரண்டு பிட்ச்சர்தான் வந்திருக்கிறார்கள் என்றால் ஒரே ஆட்டம், 84ஐ இரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு 42.

நாலு பந்தில் முடிய வேண்டும் என்றால் கணக்கை ஒன்றுக்கு ஒன்றில் தொடங்குங்கள், அதாவது ஏற்கெனவே ஒரு பால், ஒரு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது என்று. சைபரில் தொடங்கினால் இழுத்துக்கொண்டே போகும், பேட்டரும் "இன்னும் நேரம் இருக்கு" என்று நிற்பாள். ஒன்றுக்கு ஒன்றில் முதல் பந்தே இருவருக்கும் முக்கியம். இரண்டாவது ஆட்டத்தில் மாற்றுங்கள்: சிலருக்கு இரண்டு ஸ்ட்ரைக்கோடு, சிலருக்கு மூன்று பாலோடு. என்ன பந்து வருகிறது என்று பேட்டருக்குச் சொல்லாதீர்கள். கேட்சர் பிட்ச்சருக்கு விரலால் காட்டட்டும். 12 வயதுக்குள் வேகப்பந்தும் சேஞ்ச்-அப்பும் (வேகப்பந்து மாதிரியே வீசி, மெதுவாக வரும் பந்து) போதும், யூடியூபில் பார்த்த மற்றதெல்லாம் பிறகு.

ஸ்ட்ரைக்கை யாராவது சொல்லியாக வேண்டும். நான் பிட்ச்சருக்குப் பின்னால் நின்று சொல்கிறேன். கவசமில்லாமல் கேட்சருக்குப் பின்னால் நிற்காதீர்கள், மட்டையில் உரசிப் பின்னால் பாய்கிற ஃபவுல் ஒன்று போதும். அக்குளுக்கும் முழங்காலுக்கும் நடுவே, பிளேட்டுக்கு மேலே, கறாராகச் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகள் பலர் தெருவில் அண்ணன்களோடு கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்கள். கணுக்காலுக்கு வருகிற பந்தை விட்டால் ஸ்டம்ப் போய்விடும் என்று அவர்கள் உடம்புக்குள் பதிந்திருக்கிறது, குனிந்து தோண்டி அடிப்பார்கள். இங்கே ஸ்டம்ப் கிடையாது, அதை விடு என்று நூறு தடவை சொன்னாலும் ஏறாது. விட்டதற்கு ஒரு புள்ளி கொடுத்துப் பாருங்கள், இரண்டு வாரத்தில் நின்றுவிடும்.

புள்ளி இருவருக்கும் உண்டு. பேட்டருக்கு ஓங்கி அடித்தால் (அவுட்டானாலும் பரவாயில்லை), நாலு பால் வாங்கினால், தாழ்ந்த பந்தை விட்டால். பிட்ச்சருக்கு முதல் பந்து ஸ்ட்ரைக்கானால், ஸ்ட்ரைக் அவுட் எடுத்தால், பேட்டர் சப்பென்று உருட்டினால். தோற்ற பக்கம் கிட் பையைத் தூக்க வேண்டும். சமூசா எல்லோருக்கும், புரட்டாசி மாதம் என்றால் உருளைக்கிழங்கு சமூசா. சீசன் தொடங்கும்போதே புரட்டாசியும் வந்துவிடுவதால், விரதம் இருக்கிற பிள்ளைகள் காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் வெயிலில் நிறுத்துகிறேன்.

இதில் யாரும் பேசாத ஒரு சிக்கல், பிட்ச்சருக்குத் தன் தோழியை அடித்துவிடுவோமோ என்ற பயம். எங்கள் டீமில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். ஒரு தடவை ஒருத்தி தன் சின்னம்மா மகளின் விலாவில் பந்தைப் போட்டுவிட்டு அழுதுவிட்டாள், அடி வாங்கியவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து மூன்று வாரம் எல்லாப் பந்தும் வெளிப்பக்கமே போனது. திட்டினால் சரியாகாது. டென்னிஸ் பந்தை எடுத்தேன். பேட்டர்களை நிறுத்தி, வேண்டுமென்றே உடம்புக்கு மெதுவாகப் போட்டு, தாடையை நெஞ்சில் ஒட்டி, மட்டையைத் தாழ்த்தி, கேட்சர் பக்கமாகத் திரும்பி பந்துக்கு முதுகைக் காட்டப் பழக்கினேன். பின்னால் சாய்ந்து நெஞ்சைக் காட்டக் கூடாது, அதுதான் ஆபத்து. பத்து நிமிட வேலை. பந்து போட்டதே அந்தப் பிட்ச்சர்தான், நான் இல்லை. தோழிகள் அழகாகத் திரும்பி முதுகில் வாங்கிக்கொண்டு பல்லைக் காட்டியதும் அவளுக்கே தைரியம் வந்தது. அடுத்த வாரம் உள்பக்கம் ஒரு ஸ்ட்ரைக் போட்டாள், கேட்சர் கையுறையோடு கை தட்டினாள்.

முடிந்ததும் கோச் நின்று பிரசங்கம் செய்ய வேண்டாம். பிட்ச்சரையும் அவளிடம் ஆடிய பேட்டரையும் ஜோடியாக நிறுத்தி ஒரு நிமிடம் பேச விடுங்கள். எந்தப் பந்து கண்ணில் படவே இல்லை என்று பேட்டர் சொல்லட்டும், எந்த இடத்தில் போடப் பயந்தேன் என்று பிட்ச்சர் சொல்லட்டும். வெளியே நின்று பார்க்கிற நமக்குத் தெரியாததெல்லாம் அவர்களுக்குத் தெரியும். போன மாதம் ஒரு சின்னப் பெண், "நீ சேஞ்ச்-அப் போடுறதுக்கு முன்னாடி நாக்கைக் கடிக்கிற" என்று சொன்னாள். இரண்டு வருஷமாக அந்தப் பிட்ச்சரைப் பார்க்கிறேன், நான் கவனித்ததே இல்லை. அடுத்த சனிக்கிழமை மேட்ச்சில் அவள் நன்றாகத் தெரிகிற மாதிரி நாக்கைக் கடித்துவிட்டு வேகப்பந்தைப் போட்டாள்.