ட்ரசீனா ஏற்றுமதிக்கு வளர்க்க நினைத்தால் எங்கிருந்து தொடங்குவது?

நிழல் வலை வாங்கப் போவதற்கு முன்னால் ஏற்றுமதியாளர் ஒருவரைப் போய்ப் பாருங்கள். இலங்கையில் சின்னத் தோட்டக்காரர் பலர் ட்ரசீனா சண்டெரியானா, அதாவது கடையில் லக்கி பேம்பூ என்று விற்கும் செடியை (மூங்கிலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை), ஒரு கொம்பனிக்கென்றே வளர்க்கிறார்கள். என்ன ரகம், தண்டு எத்தனை சென்ரிமீற்றர், வாரத்துக்கு எத்தனை, கழித்துவிட்ட தண்டு யாருடைய நட்டம், எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். கடைசிக் கேள்வியைக் கேட்க வெட்கப்படவே வேண்டாம், தரம் பிரிக்கும் மேசையில் தேறிய தண்டுக்குத்தான் காசு.

அடுத்தது தண்ணீர். நிழல் வலைக்கும் உரத்துக்கும் செலவழிக்கிற பலர் இதைக் கவனிப்பதில்லை, எனக்கு அதுதான் கவலை. ட்ரசீனாவுக்கு புளோரைட்டு ஆகாது. இலை நுனி பழுப்பாகிக் காயும், பிறகு என்ன செய்தாலும் அந்த நுனி பச்சையாகாது, அந்த இலையோடு தண்டும் கழிவுதான். அநுராதபுரம் மாதிரி உலர் வலயத்தில் பல கிணறுகளில் புளோரைட்டு அதிகம், அந்தப் பக்கத்தவர்கள் தண்ணீரைப் பரிசோதிக்காமல் ஒரு கன்றும் வைக்க வேண்டாம். எப்பாவலப் பாறையை அரைத்து எடுக்கும் பொஸ்பேட் உரத்தையும் தவிருங்கள், அந்தப் பாறையிலேயே புளோரைட்டு இருக்கிறது. மண் புளிப்பாக இருந்தால் செடி இன்னும் கூடுதலாக உறிஞ்சும், டொலமைட் (புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக் கல் தூள்) போட்டால் குறையும். மழைநீரைத் தொட்டியில் சேர்க்க இடமிருந்தால் சேருங்கள்.

சரி, பூச்சி. மாவுப்பூச்சி இலை தண்டைச் சுற்றிப் பிடிக்கிற மடிப்புக்குள் ஒளிந்திருக்கும், மேலாகப் பார்த்தால் தெரியாது. எறும்பு வரிசையாக ஏறுகிறதா என்று பாருங்கள், ஏறினால் அநேகமாக உள்ளே மாவுப்பூச்சி இருக்கும். மருந்து அடிப்பதென்றால் வெட்டும் நாளுக்கு நன்றாக முன்னாலேயே அடியுங்கள், தூள் மருந்தின் வெள்ளைப் படிவு இலையில் நின்றால் அதுவும் கழிவு.

இவ்வளவு ஏன் என்றால், பொதியிடும் இடத்தில் கழுவிப் பிரித்த பிறகு விவசாயத் திணைக்களத்தின் பரிசோதனை இருக்கிறது. 2019 டிசெம்பர் 14 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகும் கிட்டத்தட்ட எல்லாத் தாவரப் பொருளுக்கும், வெட்டிய இலைக்கும்கூட, தாவர சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். ஒல்லாந்தில் பெட்டியைத் திறக்கும்போது அங்கே தடைசெய்த பூச்சி ஒன்று கண்ணில் பட்டால் உங்கள் தண்டோடு பக்கத்துத் தோட்டக்காரரின் தண்டும் சேர்ந்து அழிக்கப்படலாம்.

வெட்டுவது விடியக்காலையில். வெட்டியதும் நிழலுக்குக் கொண்டுபோய் அடியைத் தண்ணீரில் வையுங்கள், முச்சக்கர வண்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இலை மடிந்து கோடு விழும். அப்புறம் கழித்த தண்டுக்குக் காரணம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், நுனி கருகலா, பூச்சியா, நீளம் போதவில்லையா என்று. பூச்சியும் நோயும் இல்லாத கழிவைத் திருப்பி எடுத்து வந்து துண்டாக்கித் தும்புத்தூளில் நடுங்கள், வேர் பிடிக்கும்.