உழவியலைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் கடலூர், புதுச்சேரி மாணவர்களுக்கு

வேளாண்மைப் பட்டம் பெற்றால் எந்த வேலைக்குப் போகலாம் என்று கேட்கும் மாணவர்கள் பெரும்பாலும் அரசுத் தேர்வுகளை மட்டுமே மனத்தில் வைத்துக் கேட்கிறார்கள். தேர்வு முக்கியம்தான். ஆனால் மண், நீர், விதை, உரம், களை, பருவம் ஆகிய அனைத்தையும் ஒரே வயலில் வைத்து முடிவெடுக்கக் கற்றுத்தரும் துறை உழவியல் என்பதால், வயலில் பழகிய கை இல்லாமல் இத்துறையில் நெடுந்தூரம் போக முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம் பகுதியில் படிப்பதற்கு இடங்கள் அருகிலேயே இருக்கின்றன. சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் புலமும், காரைக்காலில் பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண் கல்லூரியும் நான்கு ஆண்டு பி.எஸ்சி. வேளாண்மைப் படிப்பை வழங்குகின்றன. உழவியல் என்பது இதற்கு மேல் முதுநிலையில் தேர்ந்தெடுக்கும் சிறப்புத் துறையாகும். பட்டயப் படிப்பு முடித்தவர்களுக்கும் உதவி வேளாண்மை அலுவலர் போன்ற பணிகள் உண்டு.

அரசுப் பணிகளில் தமிழ்நாட்டில் வேளாண்மை அலுவலர் பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. வழியாகத் தேர்வு நடக்கிறது. புதுச்சேரி அரசு தன் பணியிடங்களைத் தனியாக நிரப்புகிறது என்பதால் இரண்டு அறிவிப்புகளையும் கவனித்து வர வேண்டும். பொதுத்துறை வங்கிகள், வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனமான ஐ.பி.பி.எஸ். நடத்தும் சிறப்பு அலுவலர் தேர்வின் மூலம் வேளாண் கள அலுவலர்களை எடுக்கின்றன. 20 முதல் 30 வயதுக்குள் இருப்பவர்கள் எழுதலாம். ஆராய்ச்சியில் நாட்டம் உள்ளவர்கள் முதுநிலையோடு நின்றுவிடாமல் முனைவர் பட்டத்தையும், கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வாகிய நெட் தேர்வையும் குறிவைப்பது நல்லது. விருத்தாசலத்தில் நிலக்கடலைக்கும் முந்திரிக்கும் ரகங்களைத் தந்த ஆராய்ச்சி நிலையமும், கடலூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையமும் இருப்பதால், ஆராய்ச்சி வயல் எப்படி நடத்தப்படுகிறது என்பதைப் படிக்கும்போதே நேரில் பார்த்துவிடலாம். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் தொடங்கப்பட்டது புதுச்சேரியில்தான். அங்கு நடக்கும் பயிற்சிகளில் உழவர்கள் கேட்கும் கேள்விகளைக் கவனித்தாலே பாதிப் பாடம் விளங்கிவிடும்.

தனியார் துறையில் விதை, உர நிறுவனங்கள், சர்க்கரை ஆலைகளின் கரும்புப் பிரிவு, சொட்டுநீர் நிறுவனங்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் ஆகியவை ஆட்களை எடுக்கின்றன. பயிர்க் காப்பீட்டிலும் இடம் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது பண்ருட்டிப் பக்கத்து முந்திரி, பலாத் தோப்புகள் வேரோடு சாய்ந்ததைக் கண்டவர்கள், சேதத்தை நேர்மையாக அளந்து எழுதத் தெரிந்த ஒருவர் எவ்வளவு தேவை என்பதை அறிவார்கள்.

இனித் திறன்களுக்கு வருகிறேன். முதலாவது, கணக்கு. பரிந்துரைகள் எல்லாம் எக்டேருக்கு இத்தனை கிலோ சத்து என்று அச்சிடப்பட்டிருக்க, நம் ஊர் உழவரோ காணியிலும் குழியிலும் பேசுகிறார். ஒரு காணி என்பது 100 குழி, அதாவது ஏறத்தாழ 1.32 ஏக்கர் அல்லது 0.535 எக்டேர். எக்டேருக்கு 50 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) இட வேண்டும் என்றால் ஒரு காணிக்கு 26.75 கிலோ, யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து இருப்பதால் அது சுமார் 58 கிலோ யூரியா, அதாவது 45 கிலோ மூட்டை ஒன்றும் மேலே 13 கிலோவும் ஆகும். இந்தக் கணக்கை வரப்பில் நின்றபடியே, தாளை எடுக்காமல் சொல்லத் தெரிந்தவரின் பேச்சை உழவர் கேட்பார். கல்லூரியில் இதற்குப் போதிய பயிற்சி தரப்படுவதில்லை என்பது என் வருத்தம்.

இரண்டாவது, மண் மாதிரி எடுப்பது. எளிய வேலைபோலத் தோன்றினாலும், மாதிரி தவறானால் அதன் மேல் எழும் பரிந்துரை முழுவதும் தவறாகிவிடும். வரப்போரம், மர நிழல், எருக்குவியல் கிடந்த இடம் ஆகியவற்றை விலக்கி, வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 10 முதல் 15 இடங்களில் மேல் சருகை நீக்கி, ஆங்கில ‘வி’ வடிவக் குழி வெட்டி, நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் 15 செ.மீ. ஆழம் வரை ஒரே சீராக மண்ணைச் செதுக்கி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பகுதிகளை நீக்கி, அரைக் கிலோ வரும்வரை இதைத் திரும்பச் செய்து நிழலில் உலர்த்த வேண்டும். பரிசோதனை முடிவு வந்த பின் அதைப் படிக்கவும் தெரிய வேண்டும்: கடலோர நிலங்களில் உப்பு மிகுந்திருந்தால் நல்ல நீர் கட்டி வடிப்பதே வழி, சோடியம் மிகுந்த களர் நிலமாக இருந்தால்தான் ஜிப்சம் பயன் தரும். இரண்டையும் ஒன்றாக எண்ணி ஜிப்சம் வாங்கச் சொல்வது உழவரின் பணத்தை வீணாக்குவதாகும்.

மூன்றாவது, இலையைப் பார்த்துக் குறையைச் சொல்வது. அடியிலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறை என்றும், நரம்பு பச்சையாக இருக்கக் குருத்திலை வெளுத்தால் இரும்புச் சத்துக் குறை என்றும் முதலில் ஐயுற வேண்டும். வேரில் நீர் தேங்கியிருக்கிறதா என்று பிடுங்கிப் பார்த்த பின்பே முடிவு சொல்ல வேண்டும். கரும்பில் செவ்வழுகல் என்று ஐயம் வந்தால் கழியை நெடுக்காகப் பிளந்து உள்ளே செந்நிறத்தின் ஊடே வெண்திட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இவற்றோடு சோதனைத் திடல் அமைப்புகளும், அடிப்படைப் புள்ளியியலும், எக்செலும் கைவர வேண்டும். வரைபட மென்பொருள் ஒன்றைக் கற்றவர்களுக்குக் காப்பீட்டிலும் ஆராய்ச்சித் திட்டங்களிலும் கூடுதல் வாய்ப்புண்டு.

சொந்தமாகத் தொழில் செய்ய எண்ணுபவர்கள், 2002இல் தொடங்கிய வேளாண் மருந்தகம் மற்றும் வேளாண் வணிக மையத் திட்டத்தைக் கேட்டறியலாம். வேளாண் பட்டதாரிகளுக்குக் கட்டணமின்றி 45 நாள் பயிற்சி தந்து, பின் வங்கிக் கடனுக்கு மானியமும் அளிக்கும் திட்டம் அது.

இந்தச் சம்பாவிலேயே தொடங்குங்கள். தெரிந்தவர் ஒருவரின் வயலை அனுமதி பெற்று, நாற்று விட்டதிலிருந்து அறுவடை வரை வாரம் ஒரு முறை போய்ப் பார்த்து, தேதி, மழை, இட்ட உரம், கண்ட பூச்சி, கூலிச் செலவு, இறுதி விளைச்சல் ஆகியவற்றை ஒரே நோட்டில் எழுதி வாருங்கள். நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது சான்றிதழ்களுடன் அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.