சிறுத்தை, சிவிங்கி, புலி: பெயரில் நடக்கும் தவறுகள்

பாபநாசம், மணிமுத்தாறு, களக்காடு பக்கம் மலையடிவார ஊர்களில் சிறுத்தை ஓர் ஆட்டைத் தூக்கிவிட்டால் போதும், பொழுது சாய்வதற்குள் வாட்ஸ்அப்பில் படம் சுற்றும். சில நேரம் அந்தப் படத்தில் இருப்பது சிவிங்கி, அதாவது ‘சீத்தா’. இந்தியாவில் சிவிங்கி அற்றுப்போனதாக 1952-லேயே அறிவித்துவிட்டார்கள். 2022-ல் நமீபியாவிலிருந்து கொண்டுவந்து விட்டதும் மத்தியப் பிரதேசத்துக் குனோ தேசியப் பூங்காவில்தான். பொதிகை மலையில் அது கிடையாது.

முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சிவிங்கிக்குக் கண்ணின் உள்முனையிலிருந்து வாய் வரை கண்ணீர் வழிந்த தடம்போல ஒரு கறுப்புக் கோடு இறங்கும். உடம்பில் தனித்தனிக் கரும்புள்ளிகள். சிறுத்தைக்கு அந்தக் கோடு இல்லை. அதன் முதுகிலும் விலாவிலும் இருப்பவை விட்டுவிட்டு அமைந்த கறுப்பு வளையங்கள். வளையத்துக்குள் மஞ்சள் நிறம் கொஞ்சம் அழுத்தமாக இருக்கும்.

‘சீத்தா’ என்பதும் ‘சிறுத்தை’ என்பதும் ஒரே சொல் என்று நினைப்பது அடுத்த தவறு. சீத்தா வடக்கிலிருந்து வந்தது. ‘சித்ர’ என்ற சமஸ்கிருதச் சொல்லோடு உறவுடையது. சிறுத்தை நம் தெற்கத்திச் சொல். தெலுங்கில் சிருத, கன்னடத்தில் சிரதே.

அப்புறம், சிறுத்தையின் ஆங்கிலப் பெயரான ‘லெப்பர்ட்’. கிரேக்கத்தில் ‘லியோன்’ என்றால் சிங்கம், ‘பார்டோஸ்’ என்றால் புள்ளியுள்ள பெரும்பூனை. இரண்டும் கூடிப் பிறந்த கலப்பு விலங்கு இது என்று பழங்கால ஐரோப்பியர் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் பிறந்த பெயர் இன்றும் நிற்கிறது. பெயரை வைத்து இதைச் சிங்கக் கலப்பு என்று எழுதுவது தப்பு. ‘பாந்தெரா பார்டஸ்’ என்ற அறிவியல் பெயரில் சிங்கம் இல்லை.

கருஞ்சிறுத்தையும் தனி இனம் அல்ல. நிறமி கூடிப்போன அதே சிறுத்தைதான். ஒரே ஈற்றில் கறுப்பும் மஞ்சளுமாகக் குட்டிகள் பிறக்கலாம். நல்ல வெயிலில் அந்தக் கறுப்புக்குள்ளும் வளையங்கள் தெரியும்.

செங்கோட்டை, புளியரைப் பக்கத்து ஆட்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மலைக்கு அந்தப்புறம் மலையாளத்தில் ‘புலி’ என்றால் பெரும்பாலும் சிறுத்தை. ‘புள்ளிப்புலி’ என்றும் சொல்வார்கள். வரிப்புலிக்கு அங்கே ‘கடுவா’. ஆரியங்காவில் புலி நடமாட்டம் என்று ஒரு கேரளச் செய்தி வந்தால், அதை அப்படியே தமிழில் பகிர்ந்துவிடாதீர்கள். இங்கே படிப்பவர் மனதில் வரிப்புலிதான் வரும். நம் ஊரிலும் பெரியவர்கள் இரண்டையும் புலி என்றே சொல்வதுண்டு. வனத்துறைக்குத் தகவல் சொல்லும்போது, புள்ளியா வரியா என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

விலங்கைப் பார்க்காமல் வாய்க்கால் கரைச் சேற்றில் தடம் மட்டும் கண்டால் நகக்குறியைத் தேடுங்கள். சிறுத்தை நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கும். விரலுக்கு முன்னால் நகம் குத்திய புள்ளிகள் வரிசையாக இருந்தால் பெரும்பாலும் அது நாய்தான். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வையுங்கள், அளவு தெரியும்.